எட்டாம் பாடம் வரை தாராளமாகப் படிக்கலாம்: ஒரு தபால்வழி வேதபாடம் பற்றி

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த வருஷம் ஒரு தபால்வழி வேதபாடத்தைச் சேர்ந்து படித்தோம். பாவம், இரட்சிப்பு, கடைசிக்காலம் என்று மூன்று பாகம். மொத்தம் பன்னிரண்டு பாடம். தபால் செலவோடு சேர்த்து ஆளுக்கு 350 ரூபாய். நடத்துகிற ஊழியத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே அமைப்பில், கிட்டத்தட்ட இதே படங்களோடு, நம் பக்கத்தில் வேறு பாடத்திட்டங்களும் ஓடுகின்றன. நான் சொல்லப்போகிற நிறையும் குறையும் அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். தங்கள் சபையில் இப்படி ஒன்றை எடுத்து நடத்தலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் எட்டுப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. அதிலும் ஐந்து முதல் எட்டு வரை மிக நன்றாக இருக்கின்றன. ஒன்பதில் தொடங்கும் கடைசிக்காலப் பாடங்களைப் படித்தால் வேறு யாரோ எழுதினார்களோ என்று தோன்றுகிறது. எட்டாம் பாடத்தில் ஒரு விசுவாசிக்குக் கொடுத்த நிச்சயத்தைப் பதினோராம் பாடம் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறது. இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

நடைமுறையைப் பற்றிக் கொஞ்சம். ஒரு உறையில் இரண்டு பாடம் வரும். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கிழித்து அனுப்புகிற விடைத்தாள் உண்டு. எழுதி அனுப்பினால் திருத்தி, அடுத்த இரண்டு பாடத்தோடு அனுப்பி வைக்கிறார்கள். தாமதம் அதிகம் இல்லை. எழுத்துதான் மிகச் சிறிது. இணைவசனங்களை அடியில் இன்னும் பொடியாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அதனால் ஒரு நன்மையும் உண்டானது. தனித்தனியாகப் படித்திருந்தால் வாயை விட்டு வந்திருக்காத கேள்விகளெல்லாம் வந்தன. வசனங்கள் முழுவதும் 1871ல் பவர் ஐயர் குழுவினர் முடித்த பழைய மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. கோயிலில் வாசித்துக் காதுக்குப் பழகிய வசனங்களே வருவதால் வயதானவர்களுக்குச் சிரமம் இல்லை.

முதல் பாடம் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம். ஏதேனில் நடந்ததை ஒரு கனியைத் தின்ற குற்றம் என்று சுருக்கிவிடவில்லை. தேவனுடைய வார்த்தையைச் சந்தேகித்தது, ஒளிந்துகொண்டது, கேட்டபோது ஆதாம் பழியைத் தூக்கி மனைவிமேல் போட்டது என்று பாவம் ஒரு உறவை எப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறது என்று காட்டுகிறார்கள். ஆதாம் பழிபோடுகிற இடத்தில் எங்கள் கூட்டத்தில் நெடுநேரம் பேச்சு நின்றது. யாருக்கும் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாடம் பாவச் செயலையும் பாவ சுபாவத்தையும் பிரித்துச் சொல்கிறது. பயிற்சிக்கு 51ஆம் சங்கீதம். தாவீது தேவனிடம் என்னவெல்லாம் கேட்கிறான் என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தபோதுதான் பலருக்கும் பட்டது: மன்னிப்பை மட்டும் கேட்டிருந்தால் ஒன்றிரண்டு வசனத்தில் முடிந்திருக்கும், அவன் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்கிறான். சிருஷ்டிக்கத் தேவனால் மட்டுமே முடியும். செய்த காரியத்துக்கு மன்னிப்பு, செய்ய வைத்த இருதயத்துக்குப் புதுப் படைப்பு. பாவத்தைப் பற்றிய உபதேசம் முழுவதையும் இந்த ஒரு பயிற்சிக்குள் அடக்கிவிட்டார்கள்.

மூன்றாம் பாடத்தில் சரித்திரம் வருகிறது. மனுஷன் தன் சுயசித்தத்தால் நன்மையைத் தெரிந்துகொண்டு பாவமில்லாமல் வாழ முடியும், ஆதாமின் பாவம் ஆதாமோடு போயிற்று என்று பெலாஜியஸ் என்ற துறவி போதித்தார். இல்லை, நம் சித்தமே நோய்ப்பட்டிருக்கிறது, கிருபை முந்திக்கொண்டு வராமல் நம்மால் அவரிடம் திரும்பக்கூட முடியாது என்றார் சபைப் பிதாவான அகஸ்தீன். 418ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையைத் தள்ளியது. இதை எளிதாக, பெயர்களால் மிரட்டாமல் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குறை: கிழக்கத்தியச் சபைகள் இந்தக் காரியத்தை வேறுவிதமாகப் பார்க்கின்றன என்று ஒரு வரிகூட இல்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் சீர்கேடும்தான், அவனுடைய குற்றப்பொறுப்பு அல்ல என்பது அவர்கள் போதனை. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஓர்த்தடோக்ஸ் சபைகள் இருக்கின்றன. ஆதாமின் பாவத்தைப் பற்றிப் பேசுகிற ரோமர் நிருபத்தின் அதே ஐந்தாம் அதிகாரத்தை அவர்களும் வாசிக்கிறவர்கள்தான்.

அந்த வரி இல்லாததால் வந்த சங்கடத்தை நேரில் பார்த்தேன். "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்ற வசனத்தை வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி, "அப்பம் எம்பிள்ளைக்கு என்ன அக்கா?" என்று கேட்டாள். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னமே இறந்துபோன பிள்ளை. பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. தாவீது தன் பிள்ளை இறந்தபோது, அது என்னிடம் வராது, நான் அதனிடம் போவேன் என்று சொல்லி எழுந்து முகம் கழுவிய இடத்தை, இரண்டு சாமுவேல் 12ஐ, எடுத்து வாசித்தோம். பிள்ளைகளைத் தடைசெய்யாதிருங்கள் என்று ஆண்டவர் சொன்னதை வாசித்தோம். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கிற குழந்தைகளைப் பற்றி நூற்றாண்டுகளாகக் கடினமாகப் பேசிவந்த கத்தோலிக்க இறையியலிலேயே, 2007ல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு அந்தப் பிள்ளைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பிக்கை கொள்ள நல்ல ஆதாரம் உண்டு என்று எழுதியது. அதையும் அவளிடம் சொன்னேன். பெண்கள் கூடிப் படிக்கிற எந்த இடத்திலும் இந்தக் கேள்வி வரும். ஜென்மபாவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை எதிர்பார்த்து அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

நான்காம் பாடம் "இக்காலப் பாவங்கள்". சினிமா, தொலைக்காட்சித் தொடர், மது, ஜாதகம் பார்த்தல், நகையில் ஆசை, கைபேசியில் நேரம் போக்குதல், புறங்கூறுதல் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. ஜாதி இல்லை. சீதனமும் இல்லை. மேலும் கீழும் புரட்டிப் பார்த்தேன், இல்லவே இல்லை. 1833லேயே கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேற்றுமை உடனடியாக, முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமில்லாமல் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் கிறிஸ்தவப் பத்திரிகைகளில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட" என்ற வார்த்தையும் ஜாதிப் பெயரும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை பார்க்கிற ஊர்கள் இருக்கின்றன. இதைப் பாவம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பாவப் பாடம், கம்மல் போடுவதைப் பாவம் என்று எழுதலாமா? எங்கள் கூட்டத்தில் அந்தப் பட்டியலின் அடியில் இரண்டையும் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

இரட்சிப்பின் பாகத்துக்கு வருகிறேன். இதற்காகவே 350 ரூபாய் கொடுக்கலாம்.

ஐந்தாம் பாடம் சிலுவையைப் பற்றியது. கிறிஸ்துவின் மரணம் எப்படி நம்மை மீட்கிறது என்பதற்குச் சபை சரித்திரத்தில் ஒரே விளக்கம் இருந்ததில்லை என்று இங்கே நேர்மையாகச் சொல்கிறார்கள். ஆதிப் பிதாக்கள் சாவின்மேலும் பிசாசின்மேலும் கிடைத்த ஜெயமாகப் பேசினார்கள். 1098 வாக்கில் கான்டர்பரி அத்தியட்சர் அன்செல்ம், தேவனுடைய கனத்துக்கு மனுஷன் பட்ட கடனை மனுஷனாகவும் தேவனாகவும் இருக்கிற ஒருவர் மட்டுமே தீர்க்க முடியும் என்று விளக்கினார். சீர்திருத்தக்காரர்கள் அதை நமக்குப் பதிலாக ஏற்ற தண்டனை என்று சொன்னார்கள். மூன்றுக்கும் வசன ஆதாரம் கொடுத்து, ஒன்று மற்றதை அடித்துப்போடாமல் வைத்திருக்கிறார்கள். கடைசிக்காலப் பாடங்களையும் இதே கை எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் பாடம் நீதிமானாக்கப்படுதல். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று பவுல் சொல்கிறார், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்கிறார். இரண்டும் எப்படிச் சேரும் என்ற பழைய கேள்வியைச் சுற்றிப் போகாமல் நேராக எடுத்திருக்கிறார்கள். யாக்கோபு யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள் என்கிறது பாடம்: உடையில்லாத சகோதரனிடம், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனை. அவன் விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிற எதையும் பவுல் விசுவாசம் என்று ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். நல்ல விளக்கம்.

நான் சேர்க்க விரும்பும் ஒன்று உண்டு. விசுவாசத்தினால் நீதிமானாகிறோம் என்பதைப் பவுல் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் எந்தச் சமயத்தில் சொல்கிறார்? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகினபோது. எல்லார் முன்பாகவும் முகத்துக்கு முன் அவரைக் கண்டித்துவிட்டு, அந்தக் கண்டிப்பின் நடுவில்தான் இந்த உபதேசத்தைச் சொல்கிறார். யார் யாரோடு சாப்பிடுவது என்ற சண்டையில் பிறந்தது இந்த வாக்கியம். நான்காம் பாடத்தில் விட்டுப்போன ஜாதியை ஆறாம் பாடத்தில் இந்த இடத்தில் மிக இயல்பாகச் சொல்லியிருக்கலாம். வசன எண்ணை அடிக்குறிப்பில் போட்டுவிட்டுச் சம்பவத்தைச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

1517ல் லூத்தர் தொடங்கிய விவாதத்தையும், டிரென்ட் சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த மறுப்பையும் சொல்லும் பாடம், அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல நிறுத்துகிறது. 1999 அக்டோபர் 31ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சங்கமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் புண்ணியத்தினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பேரும் சேர்ந்து அறிக்கை செய்தார்கள். 2006ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லைதான். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் அடுத்த தெரு கத்தோலிக்க மயினி ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், கத்தோலிக்கர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள் என்ற ஒற்றை வரியை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டு 1999ஐச் சொன்னேன்.

ஏழாம் பாடம் பரிசுத்தமாக்கப்படுதல். சுமார்; அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

எட்டாம் பாடம் இரட்சிப்பின் நிச்சயம். ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கெட்டுப்போக முடியுமா என்ற கேள்வியில் சபைகள் இரண்டாகப் பிரிந்து நிற்பதை மறைக்கவில்லை. 1618லும் 1619லும் ஹாலந்தில் டோர்ட் சங்கம் முடியாது என்று தீர்த்ததையும், பின்னால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி மறுபக்கம் நின்றதையும் சொல்கிறார்கள். யோவான் 10ஐயும் எபிரெயர் 6ஐயும் எதிரெதிரே வைத்து, எச்சரிப்பு வசனங்கள் அலட்சியமாயிருக்கிறவனுக்கு, வாக்குத்தத்த வசனங்கள் பயப்படுகிறவனுக்கு என்று ஒரு ஆலோசனை கொடுக்கிறார்கள். போதகம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆலோசனை.

விடைத்தாளில் கடைசிக் கேள்வி: இன்று இரவு நீங்கள் மரித்தால் கர்த்தரோடு இருப்பீர்களா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம். எங்களில் மூத்தவர் ஒரு உபதேசியாரின் விதவை. ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம். பாமாலைப் புத்தகம் அவருக்குத் தேவையில்லை. அந்தப் பெரியம்மா "தெரியாது" என்ற கட்டத்தில் கோடு போட்டார். "நமக்கு எப்படித் தெரியும்? அவருக்குல்லா தெரியும்" என்றார். தாள் திரும்பி வந்தபோது அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் தப்பு என்று அடிக்கவில்லை. பச்சை மையில், நிதானமான கையெழுத்தில், ஓரம் முழுவதும் எழுதியிருந்தது: அம்மா, உங்கள் பதிலில் தாழ்மை இருக்கிறது. யோவான் 10:28ல் பிடித்துக்கொண்டிருப்பது யாருடைய கை என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் பிடி தளர்ந்தாலும் அந்தப் பிடி தளராது. நேரமிருந்தால் எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

திருத்துகிறவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்று அறிமுகத் தாளில் போட்டிருக்கிறது. இந்தப் பாடத்திட்டத்தின் உண்மையான பெலன் அவர்கள்தான். செயலியில் மதிப்பெண் காட்டுகிற வேதபாடங்கள் எத்தனையோ வந்துவிட்டன. இப்படி ஒரு ஓரக்குறிப்பு அதில் கிடைக்காது. பெரியம்மா அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இனி கடைசிக்காலம்.

ஒன்பதாம் பாடத்தோடு ஒரு மடிப்புப் படம் வருகிறது. வழவழப்பான தாள், விரித்தால் மேசை அளவு இருக்கிறது. இடது ஓரத்தில் சிலுவை, அடுத்து சபையின் காலம், மேலே போகிற அம்புக்குறி, அதுதான் இரகசிய வருகை, பிறகு சிவப்பில் ஏழு வருஷ உபத்திரவம், அதன் நடுவில் அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன், ஆயிரவருஷ அரசாட்சி, வெள்ளைச் சிங்காசனம், வலது ஓரத்தில் புதிய வானம், புதிய பூமி. நம் கன்வென்ஷன் பந்தல்களில் துணியில் எழுதித் தொங்கவிடுகிற படம்தான். பார்க்கத் தெளிவாக இருக்கிறது. படத்துக்குக் கீழே, "வேதம் போதிக்கும் கால அட்டவணை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் ஆட்சேபம் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

கிறிஸ்து திரும்ப வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், சரீரம் உயிர்த்தெழும், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை. இவ்வளவையும் விசுவாசப் பிரமாணத்தில் எல்லாச் சபைகளும் சேர்ந்து அறிக்கை செய்கின்றன. அதற்குமேல் வருகிற அட்டவணை அப்படியல்ல. ஆயிரவருஷ அரசாட்சி என்பது வெளிப்படுத்தின விசேஷம் 20ல் மட்டும் வருகிறது. இரண்டாம் நூற்றாண்டில் சபைப் பிதா இரெனேயு அதை எழுத்தின்படியே எதிர்பார்த்தார். அகஸ்தீன், கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவிலுள்ள சபையின் காலம் முழுவதையும் அது குறிக்கிறது என்று விளக்கினார். மேற்கத்திய சபையில் நெடுங்காலம் நின்றது அந்த விளக்கம்தான். உபத்திரவத்துக்கு முன் விசுவாசிகளை இரகசியமாக எடுத்துக்கொள்வது, பிறகு ஏழு வருஷம் கழித்துப் பகிரங்கமாக வருவது என்று வருகையை இரண்டாகப் பிரிக்கிற முறை, 1830களில் பிரதரன் இயக்கத்துத் தலைவர் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவியது. 1909ல் வெளியான ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. மூன்றாம் பாடத்தில் பெலாஜியஸையும் ஐந்தாம் பாடத்தில் அன்செல்மையும் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒன்பதாம் பாடத்தில் டார்பியின் பெயர் எப்படி மறந்தது? இந்த விளக்கத்தை நம்புகிற பக்தியுள்ள சகோதர சகோதரிகள் லட்சக்கணக்கில் உண்டு. அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. இது ஒரு விளக்கம், இன்னாரிடமிருந்து வந்தது, மற்ற விளக்கங்களும் உண்டு என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம் சீமைக்கு இந்தப் போதனை புதிதும் அல்ல. 1860ல் திருநெல்வேலிப் பக்கத்தில் எழுப்புதல் உண்டானபோது அதன் நடுவில் இருந்த அருளப்பன், பிரதரன் மிஷனெரி அந்தோணி நோரிஸ் குரோவ்ஸோடு ஊழியம் செய்தவர். அந்த எழுப்புதல் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, சி.எம்.எஸ். என்ற ஆங்கில மிஷன் சங்கத்தின் குருவானவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1881ல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். நம்பி ஒரு தனிச் சபையே கூடியது. 1881 போய்விட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பினவர்கள் 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்தார்கள். பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் அறிவித்ததை நம்மில் பலர் பார்த்தோம். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். இந்தப் பாடம் தேதி குறிக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் 1948ல் இஸ்ரவேல் தேசம் உண்டானதிலிருந்து ஒரு தலைமுறையைக் கணக்குப்போடச் சொல்லி ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை நாங்கள் எழுதவில்லை.

பத்தாம் பாடம் அடையாளங்கள். 2001 குஜராத் பூகம்பம், 2004 சுனாமி, கொரோனா என்று புகைப்படங்களோடு வரிசையாக வருகிறது. சுனாமி படத்தின் கீழ் "தேவ கோபம்" என்று ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளச்சலிலும் மணக்குடியிலும் கடல் கொண்டுபோன ஜனங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். வேளாங்கண்ணியில் செத்தவர்களில் பலர் ஜெபிக்க வந்தவர்கள். லூக்கா 13ல் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவரே கேட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொல்லிவிட்டார். அந்த வசனத்தைத் தாண்டி ஒருவர் எப்படி அந்தப் படத்துக்குக் கீழே அந்த வார்த்தையைப் போட முடிந்தது?

666க்கு ஒரு பக்கம். பார்கோடு, ஆதார், தடுப்பூசி எல்லாம் வருகிறது. பத்மு தீவில் யோவான் எழுதியது யாருக்கு என்பது வரவில்லை. சின்ன ஆசியாவில் இராயனுடைய சிலைக்குத் தூபம் காட்ட மறுத்ததால் நெருக்கப்பட்ட ஏழு சபைகளுக்கு எழுதினார். நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதி எண்ணைக் கூட்டினால் 666 வருகிறது என்பது வேத பண்டிதர்கள் பலர் ஏற்றுக்கொள்கிற விளக்கம். சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதற்கும் அந்தப் பெயரின் இன்னொரு எழுத்துமுறை பொருந்துகிறது. நம் பிள்ளைகள் ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் பயப்படுவதற்கு அந்த அதிகாரம் எழுதப்படவில்லை.

பதினோராம் பாடத்தின் தலைப்பு "கைவிடப்படுவோர் யார்?" பதினான்கு வகையான ஆட்கள். ஜெபத்தில் தளர்ந்தவர்கள், சந்தேகப்பட்டவர்கள், தசமபாகத்தில் குறைவு வைத்தவர்கள், முழங்காலில் நிற்காதவர்கள். அந்தப் பட்டியலை வாசித்த மத்தியானம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எனக்கு முழங்கால்ல நிக்க முடியலியே. அப்பம் என்ன விட்டுட்டுப் போயிருவாரா?" என்று கேட்டார். எட்டாம் பாடத்துத் தாள் அவர் மடியில் இருந்த வேதாகமத்துக்குள்தான் இருந்தது. அந்தப் பச்சை மை எழுதிக் கொடுத்ததை இந்த அச்செழுத்து அழித்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது அவருக்கு முதலாம் தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பாடத்தில் 16ஐயும் 17ஐயும் தடித்த எழுத்தில் முழுவதும் போட்டிருக்கிறார்கள்: எக்காளம், மேகங்கள், ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுதல். 18ஐப் போடவில்லை. "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்பது அந்த வசனம். தெசலோனிக்கேயில் விசுவாசிகள் சிலர் மரித்துவிட்டார்கள். ஆண்டவர் வரும்போது அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் துக்கப்பட்டார்கள். அந்தத் துக்கத்தை ஆற்றப் பவுல் எழுதிய பகுதி இது. யார் விடப்படுவார்கள் என்ற பட்டியல் அதில் இல்லை. ஒருவரும் விட்டுப்போக மாட்டார்கள், நித்திரையடைந்தவர்கள் முந்தி எழுந்திருப்பார்கள் என்றே சொல்கிறார். நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை நான் தள்ளவில்லை. நியாயாதிபதியாக வருகிறவர் யார் என்பதை எட்டாம் பாடம் வரை இவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். வேறொருவர் வரப்போவதுபோலப் பதினோராம் பாடத்தில் எழுதலாமா?

பன்னிரண்டாம் பாடத்தில் புதிய வானமும் புதிய பூமியும் அரைப் பக்கம். நரகத்துக்கு நாலு பக்கம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களில் பரிசுத்த நகரம் கீழே இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்தில் வாசம்பண்ணுகிறார், ஜீவவிருட்சத்தின் இலைகள் ஜனங்களுக்கு ஆரோக்கியம் தருகின்றன, ஜாதிகளின், அதாவது சகல தேசத்தாரின், மகிமையும் கனமும் அந்த நகரத்துக்குள் கொண்டுவரப்படுகிறது. ரோமர் 8ல் சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பவுல் சொல்வதும் இதற்காகத்தான். ஆதியாகமம் மூன்றில் தொடங்கிய பாடத்திட்டம், அங்கே சபிக்கப்பட்ட பூமிக்கு இனி ஒரு சாபமும் இராது என்ற வசனத்தில் வந்து முடிய எவ்வளவு அழகான வழி இருந்தது! அதை அவசரமாக ஓடிக் கடந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சந்தேகம் கேட்கிற எண்ணுக்கு எழுதினேன். ஜெபித்துக் காத்திருங்கள், கர்த்தர் வெளிப்படுத்துவார் என்று பதில் வந்தது. எட்டாம் பாடத்தைத் திருத்தியவரின் கையெழுத்தில் அடுத்து வந்த தாள்கள் எதுவும் இல்லை.

எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளுக்கு இரண்டு, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய பாடங்களை மட்டும் கொடுத்தாலே போதும். குழுவாகப் படிப்பதென்றால் நான்காம் பாடப் பட்டியலில் ஜாதியையும் சீதனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாம் பாடத்துக்கு முன் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு மேல் போவதானால் சபைக் குருவானவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோமர் 8, முதலாம் தெசலோனிக்கேயர் 4, வெளிப்படுத்தின விசேஷம் 21, 22 ஆகியவற்றை முதலில் முழுவதுமாக வாசித்துவிட்டு, அப்புறம் மடிப்புப் படத்தை விரியுங்கள். தனியாக இருக்கிற வயதானவர்களுக்குப் பதினோராம் பாடத்தை அனுப்பவே வேண்டாம். முதல் எட்டுப் பாடங்களை மட்டும் கேட்டால் 240 ரூபாய்க்குத் தனியாக அனுப்புகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்த வசதி அச்சிடப்படவில்லை, தனிக் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். பெரிய எழுத்துப் பதிப்பும் அப்படியே கேட்டால் கிடைக்கிறது. அதற்கு 60 ரூபாய் கூடுதல்.